தோள்பட்டை வலி: இறுகிய தோளா, தசைநாண் வலியா? எப்படிப் பிரிப்பது, எவ்வளவு பயிற்சி தருவது?

மாலைவகுப்பு (கேள்வி)

வணக்கம். உடற்பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். தோள்பட்டை வலியோடு வருகிறவர்களை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது வகுப்பில் இருக்கும் இரண்டு பேரை வைத்தே கேட்கிறேன்.

முதலாமவர் 52 வயதுப் பெண், சர்க்கரை இருக்கிறது. வலது தோளில் வலி, அடி எதுவும் படவில்லை. இரண்டு மூன்று மாதமாகக் கூடிக்கொண்டே போகிறது. கை முதுகுக்குப் பின்னால் போக மறுக்கிறது, தலை வார முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் புரண்டால் தூக்கம் கலைந்துவிடுகிறது.

இரண்டாமவருக்கு 36 வயது, கட்டடங்களுக்கு வண்ணம் பூசுகிற வேலை. கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது நடுவழியில் சுருக்கென்று பிடிக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் மேலே போய்விடுகிறது. ஸ்கேன் அறிக்கையில் ‘சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாணில் பகுதிக் கிழிசல், பர்சா வீக்கம்’ என்று இருக்கிறது (சுப்ராஸ்பைனேட்டஸ் தோளின் மேற்புறத் தசை, தசைநாண் அதை எலும்போடு இணைப்பது, பர்சா மூட்டருகே உள்ள சிறு நீர்ப்பை). கிழிசல் என்று படித்ததிலிருந்து கையை அசைக்கவே பயப்படுகிறார்.

இருவரும் சொல்வது ‘தோள்பட்டை வலி’தான். ஆனால் சுவரில் விரலால் ஏறும் பயிற்சி, எலாஸ்டிக் பேண்ட் பயிற்சி இரண்டும் வண்ணம் பூசுபவருக்குக் கொஞ்சம் ஒத்துவருகிறது, அந்த அம்மாவுக்கு வலி கூடுகிறது. எதைப் பார்த்துப் பிரிப்பது? எதை நானே செய்யலாம், எதற்கு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்?

---

பிசியோ_கண்மணி

நோயின் பெயரைத் தேடுவதற்கு முன்னால் ஓர் அசைவைப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆளை மல்லாந்து படுக்க வையுங்கள். மேல்கை விலாவோடு ஒட்டியிருக்க, முழங்கையை 90 டிகிரி மடக்கச் சொல்லுங்கள். கையை முழுக்கத் தளர்த்தச் சொல்லிவிட்டு, நீங்கள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்புங்கள். எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு, மறு கையிலும் அதையே செய்யுங்கள். ஆளுக்கு ஆள் அளவு மாறும், அதனால் எண்ணை விட இரண்டு கைக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். வலிக்கிற பக்கம் பாதி தூரம்கூடப் போகாமல், தசை விறைப்பதாகவும் தெரியாமல், உள்ளே ஏதோ கெட்டியாகத் தடுப்பதுபோல நின்றால் அது மூட்டே இறுகிய தோள். அந்த அம்மாவுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தச் சோதனையில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உட்கார்ந்திருப்பவர் தன்னையறியாமல் உடம்பைத் திருப்பி, இல்லாத அசைவை இருப்பதாகக் காட்டிவிடுவார். படுக்க வைக்கச் சொன்னது அதற்காகத்தான். கையை மேலே தூக்கிப் பார்க்கும்போதும் இதே ஏமாற்றம் வரும். 180 டிகிரி உயர்வில் ஏறத்தாழ 120 டிகிரிதான் மூட்டில் நடப்பது. மீதி 60 தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் சுழல்வதால் கிடைப்பது. மூட்டு இறுகியவர் காதுவரை தோளை உயர்த்திச் சமாளிப்பார். பின்னால் நின்று பார்த்தால் தெரியும்.

வண்ணம் பூசுபவருக்கு நீங்கள் திருப்பினால் கை முழுசாகத் திரும்பும். தானாகத் தூக்கும்போது 60 டிகிரியிலிருந்து 120 டிகிரி வரை வலிக்கும், அதற்கு மேல் குறையும். இது ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகளின் நாண்களில் வருகிற வலி. தோள்மூட்டின் கிண்ணம் மிகவும் ஆழமில்லாதது. கை உயரும்போது மேல்கை எலும்பின் பந்து போன்ற தலையை நடுவில் பிடித்து வைப்பது இந்த நான்கு தசைகள்தான். தாங்கக்கூடியதை விட அதிகச் சுமை, அல்லது பழகாத சுமை திடீரென்று விழும்போது நாண் நோகும்.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது, அதைத் தவறவிடக் கூடாது. நீங்கள் தூக்கினால் கை முழுசாகப் போகிறது, ஆனால் அவரால் தூக்க முடியவில்லை, அல்லது தூக்கி வைத்ததை விட்டதும் தடாலென்று விழுகிறது. வெளிப்பக்கம் திருப்பி வைத்த முன்கையை அங்கேயே நிறுத்தி வைக்க முடியாமல் உள்ளே வந்துவிடுவதும் இதே கணக்குதான். இது பெரிய கிழிசலாகவோ நரம்புக் கோளாறாகவோ இருக்கலாம். பயிற்சி தராமல் அனுப்பிவிடுங்கள்.

வலியை ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்வதும் உதவும். காறையெலும்பு முடிகிற மேட்டில் சரியாக ஒரு புள்ளியைக் காட்டி, கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோனால் அங்கேயே வலிக்கிறது என்றால் அது அந்தச் சிறு மூட்டின் வலி. கஃப் வலியும் இறுகிய தோளின் வலியும் பெரும்பாலும் மேல்கையின் வெளிப்புறத்தில் பரவலாகத் தெரியும். ஆள் உள்ளங்கையால் தடவிக் காட்டுவார். முழங்கைக்குக் கீழே விரல்வரை மின்சாரம் போல இறங்கி மரத்துப்போனால் கழுத்தைச் சந்தேகியுங்கள். கையைத் தலைமேல் வைத்துக்கொண்டால் வலி குறைகிறது என்று சொல்பவருக்குப் பெரும்பாலும் கழுத்து நரம்புதான் காரணம். தோள்மூட்டு நோகிறவருக்கு அந்த நிலையில் வலி கூடத்தான் செய்யும்.

---

எலும்புமருத்துவர்_ஆர்

கண்மணி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கை வெளியே திரும்பவில்லை என்றாலே ஃப்ரோஸன் ஷோல்டர் (இறுகிய தோள்) என்று முடிவுகட்ட வேண்டாம். மூட்டுத் தேய்மானத்திலும் திரும்பாது. வலிப்பு வந்தபின் அல்லது மின்சாரம் தாக்கியபின் பந்து பின்பக்கமாக விலகியிருந்தாலும் திரும்பாது. இதை முன்பக்க எக்ஸ்ரே மட்டும் எடுத்தால் கோட்டை விடுவது வழக்கம், பக்கவாட்டுப் படமும் வேண்டும். ஃப்ரோஸன் ஷோல்டரில் எக்ஸ்ரே சாதாரணமாக இருக்கும். எனவே அந்த அம்மாவுக்கு ஓர் எக்ஸ்ரே அவசியம், எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் தேவைப்படாது.

40 முதல் 60 வயதுக்குள், பெண்களுக்குக் கூடுதலாக, சர்க்கரையும் தைராய்டும் உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதலாக வருகிற நோய் இது. ‘ஃப்ரோஸன் ஷோல்டர்’ என்ற பெயரை 1934-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் காட்மன் வைத்தார். மூட்டைச் சுற்றியுள்ள உறை அழன்று, தடித்து, சுருங்குகிறது. முதல் கட்டத்தில் வலி அதிகம், இறுக்கம் கூடிக்கொண்டே போகும். இரண்டாவதில் வலி தணியும், இறுக்கம் அப்படியே நிற்கும். மூன்றாவதில் மெல்ல இளகும். மொத்தத்தில் ஒன்றிலிருந்து மூன்று வருடம்வரை ஆகலாம், சர்க்கரை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் நீளும்.

உங்கள் வகுப்பில் அவருக்கு வலி கூடியதன் காரணம் இந்த முதல் கட்டம். உறை அழன்றிருக்கும்போது இழுத்து நீட்டினால் அழற்சி இன்னும் கிளறப்படும். ‘வலித்தாலும் விடாமல் இழுத்தால்தான் இளகும்’ என்று பலர் சொல்வார்கள். முதல் கட்டத்தில் அது தவறான ஆலோசனை.

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி இந்தக் கட்டத்தில்தான் நன்றாகப் பயன்படுகிறது. வலி குறைந்து, தூக்கம் வந்து, பயிற்சியும் செய்ய முடிகிறது. இறுக்கம் மட்டும் மிஞ்சியபின் போட்டால் பலன் குறைவு. சர்க்கரை உள்ளவருக்கு ஊசிக்குப் பிறகு சில நாள், சிலருக்கு ஒரு வாரம்வரை சர்க்கரை ஏறும். அதற்காக ஊசியே கூடாது என்பதில்லை. முன்கூட்டிச் சொல்லிவைத்து, அந்த நாட்களில் வீட்டில் அடிக்கடி சோதித்து, தேவைப்பட்டால் மருந்தளவை மருத்துவர் மாற்றித் தர வேண்டும். சர்க்கரை ஏற்கனவே கட்டுக்கடங்காமல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுப் போடுவது நல்லது.

மயக்கம் கொடுத்துக் கையை வலுவாக அசைத்து இறுக்கத்தை விடுவிப்பதா, துளைவழி அறுவையில் உறையை வெட்டுவதா, ஊசியோடு பிசியோவா என்று பிரிட்டனில் ஒப்பிட்டுப் பார்த்த ‘யுகே ஃப்ராஸ்ட்’ ஆய்வு 2020-இல் வெளியானது. மூன்றில் எதுவும் மற்றதை விடத் தெளிவாக மேல் என்று வரவில்லை. அதனால் ஊசியும் பிசியோவும் முதலில். மாதக்கணக்கில் பார்த்தும் நகரவில்லை என்றால்தான் மற்றவை.

இனி வண்ணம் பூசுபவரின் ஸ்கேன். அடிபடாமல் வந்த பகுதிக் கிழிசல் பயப்படுகிற செய்தி அல்ல. தோளில் எந்த வலியும் இல்லாதவர்களைப் படமெடுத்தாலும் கிழிசல்கள் தெரிகின்றன, வயது ஏற ஏற அதிகமாக. பர்சா வீக்கமும் அப்படியே. படத்தில் இருப்பதுதான் வலிக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. மேலே இருக்கிற எலும்பு நாணை உரசுகிறது, அதைச் செதுக்கினால் சரியாகும் என்பது சார்லஸ் நீர் (Neer) என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1972-இல் சொன்ன விளக்கம். நெடுங்காலம் அந்த அறுவை ஏராளமாக நடந்தது. 2018-இல் பிரிட்டனில் ஒன்றும் பின்லாந்தில் ஒன்றுமாக வெளியான ஆய்வுகளில், சிலருக்கு எலும்பைச் செதுக்கினார்கள், சிலருக்குத் துளைபோட்டுப் பார்த்துவிட்டு மட்டும் மூடினார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பலனில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. இந்த வகை வலிக்கு அறுவை என்று யாராவது அவசரப்படுத்தினால் வேறொருவரிடமும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கீழே விழுந்ததும் கை தூக்க முடியாமல் போனவரின் கதை வேறு. அது முழுக் கிழிசலாக இருந்தால் வாரங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். தாமதித்தால் நாண் பின்வாங்கி, தசையில் கொழுப்பு ஏறி, தைத்தாலும் பிடிக்காது. அப்படிப்பட்டவருக்கு ‘முதலில் ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாம்’ என்பதும் சரியில்லை. ஊசி போட்ட ஒரு மாதத்துக்குள் தைக்க நேர்ந்தால் தொற்று அபாயம் கூடுகிறது.

---

மாலைவகுப்பு

மிகவும் நன்றி டாக்டர், நன்றி மேடம். நீங்கள் சொன்னபடி படுக்க வைத்துத் திருப்பிப் பார்த்தேன். அம்மாவுக்கு வலது கை பாதி தூரம்கூட வரவில்லை. வண்ணம் பூசுபவருக்கு இருபுறமும் ஒரே அளவு. அம்மாவை மருத்துவரிடம் அனுப்புகிறேன்.

பயிற்சியின் அளவைச் சொல்ல முடியுமா? எத்தனை முறை, எத்தனை கிலோ, எவ்வளவு வலி வந்தால் நிறுத்துவது?

---

பிசியோ_கண்மணி

முதலில் வலிக் கணக்கு. பத்துக்கு மூன்று, நான்கு வரை வலி வந்தால் பரவாயில்லை. ஆனால் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். இரவுத் தூக்கம் கெட்டால் முந்தைய நாள் செய்தது அதிகம். பயிற்சியை விட்டுவிடாமல் எடையையோ எண்ணிக்கையையோ பாதியாக்குங்கள். இந்தக் கணக்கு கஃப் வலிக்குத்தான். இறுகிய தோளின் முதல் கட்டத்தில் வலி தொடங்குகிற இடமே எல்லை.

அந்த அம்மாவுக்கு இப்போதைக்கு: குனிந்து நல்ல கையை மேசையில் ஊன்றி, நோகும் கையைத் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டுவதால் கை ஆடும்படி ஒரு நிமிடம். கையைத் தசையால் சுழற்றினால் இதற்கு அர்த்தமே இல்லை. பிறகு மேசைமேல் ஒரு துணியை வைத்து, அதன்மேல் கையை வைத்து, உடம்பை முன்னால் சாய்த்துக் கையை நகர்த்துவது பத்து முறை. நாளுக்கு ஒரே தடவை அரைமணி நேரம் செய்வதை விட, ஐந்தாறு தடவை இரண்டிரண்டு நிமிடம் செய்வது நல்லது. முன்னதாக 10 முதல் 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம். சர்க்கரையால் தோலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூட்டை வேறொருவர் தொட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

வலி தணிந்து இறுக்கம் மட்டும் மிஞ்சியதும் நீட்டலாம். மல்லாந்து படுத்து, மேல்கைக்கு அடியில் மடித்த துண்டு வைத்து, இரண்டு கையாலும் ஒரு குச்சியைப் பிடித்து, நல்ல கையால் தள்ளி நோகும் முன்கையை வெளியே திருப்ப வேண்டும். 10 விநாடி நிறுத்தி, 10 முறை, நாளுக்கு இரண்டு மூன்று தடவை. முழங்கை விலாவை விட்டு ஓடிவிடும், அதைக் கவனியுங்கள். முதுகுக்குப் பின்னால் துண்டு பிடித்து இழுப்பது கடைசியில்தான். எல்லோரும் அதைத்தான் முதலில் தொடங்குகிறார்கள். வலியைக் கிளறும் அசைவு அது. முதலில் அங்கே கைவைத்தால் ஒரு வாரம் வலியோடு படுக்க வேண்டிவரும்.

வண்ணம் பூசுபவருக்கு: வலி கடுமையாக இருந்தால் அசைவில்லாமல் தொடங்குங்கள். கதவு நிலைக்குப் பக்கவாட்டில் நின்று, மடக்கிய கையின் மணிக்கட்டின் வெளிப்புறத்தை நிலைமேல் வைத்து, அரைபலத்தில் 30 விநாடி அழுத்தி, 30 விநாடி ஓய்வு, ஐந்து முறை. ஓரிரு வாரத்தில் பேண்டுக்கு மாறலாம்.

பேண்டை முழங்கை உயரத்தில் கட்டுங்கள். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய கைத்துண்டு. வயிற்றின் முன்னாலிருந்து முன்கை வெளியே போக 2 விநாடி, திரும்பி வர 3 அல்லது 4 விநாடி. 10 முதல் 12 முறை, 3 செட், ஒருநாள் விட்டு ஒருநாள். துண்டு கீழே விழுந்தால் முழங்கை விலகி, வேலையைத் தோளின் பெரிய தசை எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். மணிக்கட்டு பின்னால் வளைவது, இடுப்பு திரும்புவது, திரும்பி வரும்போது பேண்ட் சடாரென்று இழுத்துக்கொண்டு போவது, இந்த மூன்றும்தான் பலன் கெடுகிற வழிகள். கடைசி இரண்டு மூன்று முறை சிரமமாக இல்லையென்றால் அடுத்த தடிமன் பேண்ட்.

இதோடு கையை நேர் பக்கவாட்டில் தூக்காமல், முன்பக்கம் சுமார் 30 டிகிரி சாய்த்து, கட்டைவிரல் மேலே பார்க்க, தோள் உயரம்வரை தூக்கி இறக்குங்கள். வெறுங்கையில் 12 முறை சுலபமானால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், பிறகு ஒரு கிலோ. கட்டைவிரலைக் கீழே திருப்பித் தூக்குவதைத் தவிர்த்துவிடுங்கள், நோகும் நாணை அது வீணாகச் சீண்டுகிறது. சுவரில் முன்கைகளை வைத்து மேலே வழுக்கி, உச்சியில் சுவரைத் தள்ளுவதும் சேரட்டும். தோள்பட்டை எலும்பு சுழல்வதற்கு அது வேண்டும்.

ஆறு வாரத்துக்கு முன் முடிவு கட்டாதீர்கள், 12 வாரம் கொடுங்கள். நாண் மெதுவாகத்தான் பலப்படும். கிழிசல் பயத்தில் கையை அசைக்காமல் வைப்பது இருக்கிற பலத்தையும் கரைத்துவிடும், அவரிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

இருவருக்கும் பொதுவானது தூக்கம். மல்லாந்து படுக்கும்போது மேல்கைக்கு அடியில் முழங்கைவரை ஒரு சிறு தலையணை வைத்து, முழங்கை உடம்பின் மட்டத்துக்குக் கீழே சரியாமல் பார்த்துக்கொள்ளட்டும். ஒருக்களித்தால் நல்ல பக்கமாக, முன்னால் ஒரு தலையணையை அணைத்தபடி.

---

அவசரப்பிரிவு_செவிலியர்

அனுப்ப வேண்டியவர்கள் யார் என்று கேட்டிருந்தீர்கள். முக்கியமானதைச் சொல்கிறேன்.

தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்குதல், தாடைக்குப் பரவுதல் இருந்தால் அதைத் தோளாகவே பார்க்காதீர்கள், உடனே ஆம்புலன்ஸ். கையை எப்படி அசைத்தாலும் கூடாமல், நடந்தால் மட்டும் கூடுகிற தோள் வலியும் இதயத்தைப் பார்க்க வேண்டியது. காய்ச்சலோடு தோள் சூடாகி, சிவந்து, துளி அசைத்தாலும் கத்துகிற அளவுக்கு வலித்தால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம், அன்றே போக வேண்டும். 50 வயதைத் தாண்டியவருக்கு இரண்டு தோளும் ஒன்றாக வலித்து, காலையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருந்தால் ரத்தப் பரிசோதனை வேண்டும்; கூடவே புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் வந்தால் காத்திருக்கக் கூடாது, கண்பார்வை போகும் அபாயம் உண்டு. எடை குறைந்துகொண்டே வருபவர், புற்றுநோய் வந்து குணமானவர், ஓய்விலும் விடாமல் வலிக்கிறவர், இவர்களையும் பயிற்சியில் சேர்க்காதீர்கள்.

ராத்திரியோடு ராத்திரியாகத் தாங்கவே முடியாத வலி, ஆனால் காய்ச்சல் இல்லை என்றால் நாணில் சுண்ணாம்புப் படிவு கரைகிற வலியாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். அலறவைத்தாலும் பெரும்பாலும் சில வாரத்தில் தணிந்துவிடும்.

வகுப்பில் யாருக்காவது தோள் கழன்றுவிட்டால் இழுத்துப் போட முயலாதீர்கள். கூடவே எலும்பு முறிந்திருக்கலாம், நரம்பும் நசுங்கலாம். கை எந்த நிலையில் நிற்கிறதோ அதே நிலையில் தலையணையோ மடித்த துணியோ அண்டக்கொடுத்து ஸ்லிங் (கையைத் தாங்கும் கட்டு) கட்டுங்கள். மயக்கம் கொடுக்க நேரலாம் என்பதால் சாப்பிட, குடிக்க எதுவும் தர வேண்டாம். மேல்கையின் வெளிப்புறத்தில் உள்ளங்கை அளவு இடம் மரத்திருக்கிறதா, விரல்கள் வெளுத்துக் குளிர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, அழைத்துப் போகிற இடத்தில் சொல்லுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். பதின்ம வயதில் முதல்முறை கழன்றவருக்குத் திரும்பக் கழல்வது மிகச் சாதாரணம். 40-ஐத் தாண்டியவருக்குக் கழன்றதோடு கஃப் கிழிந்ததா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

வலி மாத்திரை பற்றியும் ஒரு வரி. டைக்ளோஃபெனாக் மாதிரியானவை சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதயநோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. சர்க்கரை உள்ள அந்த அம்மா மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கிப் போடக் கூடாது. பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒருநாளில் மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது, ஒல்லியானவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் இன்னும் குறைவு. சளி மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும், சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

---

பளுப்பயிற்சி_குமரன்

கண்மணி மேடம் சொன்ன அளவுகள் முடிந்து, வண்ணம் பூசுபவர் பழைய எடைகளுக்குத் திரும்பும்போதுதான் வழக்கமாகச் சொதப்பும். வலி போனதும் நேராகத் தலைக்கு மேல் தூக்குகிற பிரஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் இழுக்கிற பயிற்சிகள், பிறகு சுவரிலும் மேசையிலும் புஷ்அப், பிறகு சாய்ந்த பெஞ்சில் டம்பெல், கடைசியில்தான் தலைக்கு மேல். பெஞ்ச் பிரஸ்ஸில் (பெஞ்சில் படுத்து எடையை மேலே தள்ளுவது) பிடியைக் கொஞ்சம் குறுக்கி, முழங்கையை உடம்பிலிருந்து 45 டிகிரி அளவில் வைத்தால் தோளின் முன்பக்கச் சுமை குறையும். புல்டவுன் (மேலிருந்து கீழே இழுக்கும் கருவி) கம்பியைக் கழுத்துக்குப் பின்னால் இறக்கவே வேண்டாம். முன்னால் இறக்கினாலும் தசைக்கு அதே வேலைதான். ஒரு வாரத்தில் எடை, எண்ணிக்கை இரண்டையும் சேர்த்து ஏற்றாதீர்கள், ஏதாவது ஒன்று மட்டும்.

ஆனால் அவருக்கு ஜிம்மை விட வேலைதான் பெரிய சுமை. நாள் முழுக்க வண்ணம் பூசும் உருளையைத் தலைக்கு மேல் பிடித்துவிட்டு வந்து சாயங்காலம் 3 செட் செய்தால், அந்த 3 செட் மேலும் ஒரு சுமை, அவ்வளவுதான். வலி அடங்கும்வரை கூரை வேலையை நாள் முழுக்க ஒரே மூச்சில் செய்யாமல், சுவர் வேலையோடு மாற்றி மாற்றிச் செய்யட்டும். உருளைக்கு நீளக் கம்பு போட்டு, இரண்டு கையாலும் மார்பு உயரத்தில் பிடித்தால் தோள் தலைக்கு மேல் போகவே தேவையில்லை. ஏணியில் ஒரு படி கூட ஏறி நின்று, கை எட்டுகிற இடம் கண் மட்டத்துக்குக் கீழே வருமாறு வைத்துக்கொள்ளட்டும். ஆனால் உச்சிப் படிகளில் நிற்கக் கூடாது, எட்டவில்லையென்றால் சாரம்தான். பேண்ட் பயிற்சியைக் கூரை வேலை இல்லாத நாட்களுக்குத் தள்ளி வையுங்கள்.